கடைசிப் பேர் போகிற வரைக்கும்

ஒரு படத்தின் முதல் நாள் முதல் காட்சிக்கு இருந்தவர்களைச் சொல்கிறேன். எஃப் வரிசை ஓரத்தில் லம்பாட் அண்ணன். அவருக்குப் பக்கத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர். அடுத்து பூக்கடை அக்கா, மடியில் முறுக்குப் பொட்டலம். அவர்களுக்குப் பின்னால் காலேஜ் பிள்ளைகள், இரண்டு வரிசை. முன்னால் ஒரு சீனப் பையனும் ஒரு சீனப் பெண்ணும். அவர்கள் படம் பார்க்க வந்தவர்கள் இல்லை. நடுவில், ஏர்கோனுக்காகத் தூங்க வந்த ஒரு லோரிக்காரர். கதவோரம் கறுப்புக் குப்பைப் பையோடு காக் யா, என்னோடு கூட்டுகிற மலாய்க்காரி. அவள் பக்கத்தில் துடைப்பத்தோடு நான்.

படம் முடிந்து பேர்கள் ஓட ஆரம்பித்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். லோரிக்காரர்கூட எழுந்துவிட்டார். உட்கார்ந்திருந்தது ஒருவர்தான்.

அந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்பு வரை படித்தவள், கேரித் தீவில், தோட்டப் பள்ளிக்கூடத்தில். பிறகு கிள்ளானுக்கு வந்து சினிமா ஹாலில் கூட்டிப் பெருக்கும் வேலை. எனக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. மகள்தான் எழுதச் சொன்னாள்.

ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் எங்களுக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம். சோளப்பொரி, கப்பு, சிந்திய தண்ணி, சில நாள் ஒற்றைச் செருப்பு. அதனால் பேர் ஓட ஆரம்பித்ததுமே உள்ளே போய் நின்றுவிடுவோம். எந்தப் படமாக இருந்தாலும் எங்களுக்குத் தெரிந்தது அதன் கடைசிதான். யார் செத்தான், யார் யாரைக் கட்டிக்கொண்டான் என்று தெரியும். ஏன் என்று தெரியாது. முன்கதையை நானும் காக் யாவும் நாங்களாகவே கட்டிக்கொள்வோம். அவள் கதையில் எப்போதும் மாமியார்தான் காரணம்.

அண்ணன் அந்த ஹாலுக்கு வந்தால் கடைசிப் பேர் போகிற வரைக்கும் எழ மாட்டார். மலாயில் லம்பாட் என்றால் தாமதம். காக் யா வைத்த பேர் அது. "லம்பாட் வந்துட்டாரு" என்று அவள் சொன்னாலே எங்களுக்கு அன்றைக்கு வேலை பிந்தும் என்று அர்த்தம்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் போய்ச் சொன்னேன்.

"அண்ணே, படம் முடிஞ்சிருச்சு."

"முடியட்டும்."

"முடிஞ்சிருச்சுன்னுதான் சொல்றேன்."

"பேரு போய்க்கிட்டிருக்கே, தங்கச்சி."

"பேர படிச்சு என்ன பண்ணப் போறீங்க? சொந்தக்காரங்களா?"

"யாருக்காச்சும் சொந்தக்காரங்கதான்."

சொல்லிவிட்டு, நான் கூட்டுவதற்குக் கால் இரண்டையும் தூக்கிக்கொண்டார். தூக்கிய கால் தூக்கியபடி மேலே ஓடுகிற பேர்களைப் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரத்திலிருந்து அவர் வரிசையில் கிடக்கும் கப்புகளை அவரே பொறுக்கி என் பையில் போட ஆரம்பித்தார். பொறுக்கும்போதும் கண் திரையில்தான். பாதிக் கப்பு பைக்கு வெளியே விழும்.

அவருக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டதும் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, எழுந்து பின்னால் வரைக்கும் நடப்பார். ஒவ்வொரு சீட்டின் தலையிலும் கை வைத்து எண்ணுவார். ஏதாவது பிள்ளை தூங்கிப்போய்க் கீழே சரிந்து கிடக்கிறதா என்று பார்க்க. அது இல்லாமல் அவர் பஸ்ஸைப் பூட்டி நான் கண்டதில்லை.

எல்லாவற்றிலும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் போனால் நாற்காலி அடுக்குகிற வரைக்கும் இருப்பார். போனில் மற்றவர் வைத்த பிறகுதான் இவர் வைப்பார். காப்புறுதி விற்க வருகிறவன் பேச ஆரம்பித்தால் அவன் மூச்சு வாங்கி நிறுத்துகிற வரைக்கும் கேட்பார். கேட்டுவிட்டு வேண்டாம் என்பார். கோயில் ஆண்டுக் கூட்டத்தில் எல்லாரும் சாப்பாட்டுக்கு எழுந்துபோன பிறகும் கடைசித் தீர்மானம் வரை உட்கார்ந்திருப்பார். அதனால் ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு பொறுப்பு அவர் தலையில் விழும். மறுப்பதற்குப் பக்கத்தில் ஆள் இருக்காது.

இனி அந்தப் படம்.

அது நட்சத்திரங்களுக்கு நடுவே நடக்கிற கதை. மொத்தம் நான்கு படம். மூன்று பழையது. அதில் ஒரு பெரிய கதவு. கதவுக்கு உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள், வெளியே இருந்தவர்கள் செத்தார்கள். கதவைப் பூட்டியவள் ஒரு பெண். அந்த மூன்று படத்திலும் அவள் முகத்தைக் காட்ட மாட்டார்கள். எல்லாரும் அவளைத் திட்டுவார்கள், காறித் துப்புவார்கள். அண்ணனும் ஸ்பேர்பார்ட்ஸ்காரரும் பூக்கடை அக்காவும் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்தவர்கள். அந்த மூன்று படத்தையும் சின்ன வயதில் காசு சேர்த்துப் பார்த்தவர்கள். கபடி ஆடும்போது தோற்றவனை "பூட்டிட்டா, பூட்டிட்டா" என்று கத்துவார்களாம்.

நான்காவது படம் ரொம்ப வருடம் கழித்து வந்தது. முன்கதை. அந்தப் பெண் யார், ஏன் பூட்டினாள் என்று. ஊரே காத்திருந்தது. பள்ளி விடுமுறை நேரம். அண்ணனுக்கு பஸ் ஓட்டம் இல்லை. மற்ற இருவரும் ரயில் ஏறிக் கிள்ளானுக்கே வந்துவிட்டார்கள், மூவரும் சேர்ந்து பார்க்க.

படம் விட்டதும் ஹாலுக்குள்ளேயே சண்டை. நான் கூட்டிக்கொண்டே கேட்டேன்.

"என்ன படம் இது?" என்றார் ஸ்பேர்பார்ட்ஸ்காரர். நின்றுகொண்டு பேசினார். "ரெண்டு மணி நேரமும் ஆளுங்க வரிசையில நிக்கிறானுங்க. அவ பேப்பர்ல சாப் முத்திரை அடிக்கிறா. இமிகிரேஷன் ஆபீசுக்குப் போனா இத சும்மாவே பாத்துருப்பேன்லா."

"அந்தப் புள்ள நல்லாதானே செஞ்சிருக்கா" என்றார் பூக்கடை அக்கா.

"நல்லவளா காட்டுறான், கடைசில டப்புன்னு பூட்டிட்டா. என்னா காரணம்? ஒன்னுமில்ல. நம்ம கதையவே கெடுத்துட்டான். டேய், எந்திரி. பசிக்குது."

"முடியட்டும்" என்றார் அண்ணன்.

"நீ உக்காரு. துடைப்பத்தோட வந்து ஒன்னையும் சேத்து அள்ளுவாங்க."

இருவரும் போய்விட்டார்கள். காலேஜ் பிள்ளைகள் திட்டிக்கொண்டே போனார்கள். பேர்கள் ஓடி முடிந்தன. திரை கறுத்தது. பிறகு ஒரு காட்சி வந்தது.

அதில் பேச்சு இல்லை. பெரிய இரும்புக் கதவு மூடியிருக்கிறது. அந்தப் பெண் கதவில் முதுகு சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் கிழவர்கள், பிள்ளைகள், மூட்டைகள். மேலே வானம். அவள் ரொட்டியைப் பிய்த்துப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கொடுக்கிறாள். தானும் தின்கிறாள். படம் தள்ளித் தள்ளித் தூரமாகப் போகிறது. அவ்வளவுதான்.

ஹால் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் வெளுப்பாகத்தான் தெரிந்தது. ஆனாலும் தெரிந்தது. அண்ணன் கால் இரண்டையும் தூக்கியபடியே இருந்தார். நான் கூட்டி முடித்துப் போன பிறகும் இறக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு காட்சியிலும் அந்தக் கடைசியை நானும் காக் யாவும் பார்த்தோம். சாவியை மறந்துவிட்டு வெளியே மாட்டிக்கொண்ட அம்மா என்றாள் காக் யா. உள்ளே மாமியார். நான் தினம் ஹால் கதவு பூட்டுகிறவள். ஒரு கதவைப் பார்த்தால் என் கண் தாழ்ப்பாளைத்தான் தேடும்.

அண்ணன் தன் நண்பர்களுக்கு போன் செய்து சொல்லியிருக்கிறார். பூக்கடை அக்கா, அப்படியா என்று கேட்டுக்கொண்டார். ஸ்பேர்பார்ட்ஸ்காரர் நம்பவில்லை. தூக்கத்தில் கனவு கண்டிருப்பாய் என்றிருக்கிறார். இவர் விடவில்லை. கெஞ்சிக் கேட்டு, இரண்டாம் வாரம் மறுபடி கூட்டிக்கொண்டு வந்தார். டிக்கெட் இவர் செலவு. சோளப்பொரி இவர் செலவு.

அந்த ஆள் இரண்டு மணி நேரம் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பேர் ஓட ஆரம்பித்தது. அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார், எழுந்துவிடாமல் இருக்க.

திரை அணைந்தது.

மேனேஜர் அன்றைக்குக் காலையில்தான் சொல்லியிருந்தார். அடுத்த காட்சிக்கு ஆள் வெளியே நிற்கிறது, இரண்டாம் வாரத்திலிருந்து பேர் ஓடத் தொடங்கியதும் நிறுத்திவிடு என்று. ஆப்பரேட்டர் நிறுத்திவிட்டார்.

ஸ்பேர்பார்ட்ஸ்காரர் சிரித்த சிரிப்பு ஹால் முழுக்கக் கேட்டது. "சூப்பர் சீன்லா. இருட்டுல ஒரு கதவு. அதுக்குள்ள ஒரு பூனை." சிரித்துக்கொண்டே வெளியே போனார். இவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான் பக்கத்தில் போனேன். "அண்ணே, இன்னிலேருந்து அத வெட்டிட்டாங்க. மேனேஜர் ஆர்டர்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நீங்க பாத்திருக்கீங்களா?"

"தினமும் பாத்தேன்."

"என்னா பாத்தீங்க?"

"ஒரு பொண்ணு கதவுல சாஞ்சு உக்காந்திருக்கும். ரொட்டி திங்கும்."

"தாழ்ப்பா?"

"தலைக்கு மேல இருக்கு. அவ பக்கம்."

"அவ எந்தப் பக்கம், தங்கச்சி?"

"வெளிய."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது எனக்கு அது புரியவில்லை. ஒரு தாழ்ப்பாளுக்கு அழுகிறாரே என்று நினைத்தேன். அவர்தான் விளக்கிச் சொன்னார். எல்லாரும் அவள் உள்ளே இருந்துகொண்டு மற்றவர்களைச் சாகவிட்டாள் என்று திட்டுகிறார்கள். அவள் வெளியே வந்து நின்று பூட்டியிருக்கிறாள். உள்ளே விட முடியாதவர்களோடு தானும் இருந்துவிட்டாள். நாலு படமும் அதில்தான் திரும்புகிறது.

"அப்ப நான் கனா காணல" என்றார்.

"இல்ல."

மேனேஜரிடமும் போய்க் கேட்டார், ஒரே ஒரு காட்சிக்கு ஓடவிடச் சொல்லி. மேனேஜர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். முடியாது என்றுதான் பேசி முடித்தார் மேனேஜர்.

பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் ஓர் உதவி கேட்டார். பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து அந்த ஆளிடம் இதைச் சொல்ல முடியுமா என்று. எனக்குப் புதன்கிழமை ஓய்வு. அவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். எனக்காகப் புதன்கிழமைக்கு மாற்றினார்கள். என் ஓய்வு நாளைப் பார்த்து யாரும் எதையும் மாற்றியது கிடையாது. என் வீட்டுக்காரர் அப்போது சிங்கப்பூரில் வேலை. பிறகும் சிங்கப்பூரில்தான்.

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தீபாவளிக்கு எடுத்த பஞ்சாபி சூட்டைப் போட்டுக்கொண்டு போனேன். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. கூட்டம். பூக்கடை அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார். "மொதல்ல சாப்பிடுங்கம்மா. இவங்க கதவு எங்கயும் ஓடிப் போயிடாது."

ஸ்பேர்பார்ட்ஸ்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். "யாரு இது?"

"ஹால்ல வேல செய்றவங்க. அந்த சீன தினமும் பாத்தவங்க. நீயே கேட்டுக்க" என்றார் அண்ணன்.

நான் சொன்னேன். பேர் முடிந்ததும் ஒரு காட்சி வரும், அந்தப் பெண் வெளியே உட்கார்ந்திருப்பாள், தாழ்ப்பாள் வெளியே. அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அவர் சிரித்தார். பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி பேசினார். "முப்பது வருஷப் பழக்கம். இவனுக்கு என் பேச்சு எடுபடல. கூட்டுற பொம்பளய சாட்சிக்குக் கூட்டியாந்துட்டான். எவ்ளோம்மா குடுத்தான் ஒனக்கு?"

"டேய், சோத்துல கை வெச்சிக்கிட்டு என்னா பேச்சு இது" என்றார் பூக்கடை அக்கா.

ரசம் வந்தது, வாங்கிக்கொண்டேன். அந்தப் பேச்சு எனக்குப் புதிது இல்லை.

அண்ணன் இலையில் சோறு பாதி இருந்தது. மோர் வரவில்லை. பாயசம் வரவில்லை. அவர் சோற்றோடு சேர்த்து இலையை மடித்தார். எழுந்தார்.

"எங்க போற? சாப்பாடு அப்படியே இருக்கு" என்றார் அந்த ஆள். அவர் குரலில் சிரிப்பு போயிருந்தது. இவர் எதையும் பாதியில் விட்டு எழுந்து அவரும் பார்த்திருக்க மாட்டார்.

"முடிஞ்சிருச்சு" என்றார் அண்ணன்.

நாங்கள் ரயிலடிக்கு நடந்தோம். ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வந்தோம். இறங்கினதும் கேட்டார்.

"பசிக்குதா, தங்கச்சி?"

"இல்லண்ணே."

"எனக்குப் பசிக்குது."

ரயிலடிக்கு எதிரே ஒட்டுக்கடையில் உளுந்து வடை வாங்கினார். நானும் இரண்டு தின்றேன். பசித்தது.

அவர் விட்டு வந்தது முப்பது வருடச் சிநேகிதம். அதை அவர் ஒருநாளும் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. உங்களால்தான் என்று பார்வையிலும் காட்டவில்லை. நானாக ஒருமுறை கேட்டேன், நீங்களாவது ஒரு போன் போடக்கூடாதா என்று.

"போட்டேன். நீங்க வந்து உக்காந்த எடத்துல அவன் பேசினது தப்புன்னு ஒத்துக்கச் சொன்னேன். வெச்சிட்டான்."

"அவரு வெச்ச பின்னாடிதான் நீங்க வெச்சிருப்பீங்க."

"ஆமா" என்று சிரித்தார். "பாதியில எந்திரிச்சுப் போயிருக்கான். வருவான்."

மறு வருடம் என் மகள் முதலாம் வகுப்பு. அவர் பஸ்ஸில்தான் போனாள். ஒருநாள் பிற்பகல் கடும் மழை. சாலையெல்லாம் தண்ணீர். எனக்கு வேலை முடிந்து பஸ் கிடைக்காமல், முழங்கால் தண்ணீரில் நடந்து ஃபிளாட்டுக்கு வருகிறேன். கீழே பள்ளிக்கூட பஸ் நிற்கிறது. மற்ற பிள்ளைகள் எல்லாரும் இறங்கிப் பல மணி நேரம் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டில் ஆள் இல்லை, கதவு பூட்டியிருந்தது. அதனால் இவர் பிள்ளையை இறக்கவில்லை. தானும் இறங்கவில்லை. பஸ்ஸுக்குள் படிக்கட்டு வரை தண்ணீர்.

நான் மூச்சு வாங்க ஏறினேன். என் மகள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். இவர் தரையில், கியர் பக்கத்தில். அந்தப் படத்தின் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"ம்மா, முடியட்டும்" என்றாள் என் மகள்.

நான் சொட்டச் சொட்ட முதல் சீட்டில் உட்கார்ந்தேன். வரிசையில் நின்ற கிழவர், தன் இடத்தை இன்னொருத்திக்குக் கொடுத்த பையன், எத்தனை பேரை உள்ளே விடலாம் என்று மேலதிகாரியோடு சண்டை போட்ட அந்தப் பெண். எல்லாருக்கும் அவர் ஒவ்வொரு குரல் வைத்திருந்தார். அன்றைக்கும் எனக்குக் கிடைத்தது கதையின் பின்பாதிதான். ஆனால் கடைசிக் காட்சிக்கு முந்தியது என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கதை முடிந்ததும் அவர் எழுந்து பின்னால் நடந்து ஒவ்வொரு சீட்டையும் தொட்டு எண்ணிவிட்டு வந்தார். எங்களைத் தவிர பஸ்ஸில் யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அப்படி அவர் என் மகளை ஆறாம் வகுப்பு வரை ஏற்றி இறக்கினார். நான் வேலை விட்டு வருகிற நேரம் ஒழுங்கில்லாதது. ஒருநாள்கூட அவள் பூட்டிய கதவுக்கு முன்னால் தனியாக நின்றதில்லை.

பழைய ஹாலை மூடிவிட்டார்கள். நான் பேரங்காடி ஹாலுக்கு மாறினேன். அவர் அங்கேயும் வந்தார். எஃப் வரிசை ஓரம். பஸ்ஸை விற்ற பிறகும் வந்தார். பக்கத்துச் சீட்டில் யாராவது உட்கார வந்தால் அங்கே வைத்த பையை எடுப்பார். மெதுவாகத்தான் எடுப்பார்.

போன மழைக்காலத்துக்கு முந்திய மழைக்காலத்தில் இறந்துபோனார். காலையில் நெஞ்சு வலி, மதியம் முடிந்தது. கிள்ளான் மின்சுடலைக்குப் போனேன். நிறையப் பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் அவர் பஸ்ஸில் போன பிள்ளைகள், இப்போது மீசையும் தாலியுமாக. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணத்தன்னிக்கே நாங்க ரெண்டு பேருந்தான் மண்டபத்த விட்டு கடைசியா போனோம். வாடகை ஆளு வந்து நாங்க உக்காந்திருந்த நாக்காலிய கேக்கிறான்" என்றார். அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார்.

உள்ளே அனுப்பியதும் கூட்டம் கலைந்தது. வீட்டுக்காரர்களும் கிளம்பினார்கள், குளிக்க வேண்டும் என்று. நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். முடியட்டும் என்று. பெஞ்சின் மறுமுனையில் இன்னொருவர் இருந்தார். முடி நரைத்து, கன்னம் ஒட்டி. ஸ்பேர்பார்ட்ஸ்காரர்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க அந்த ஹால்ல…"

"ஆமா. கூட்டுற பொம்பள."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னிக்கு அப்படிப் பேசிருக்கக் கூடாதும்மா."

"சரிங்க."

"அந்த சீன போன்ல பாத்துட்டேன். ரொம்ப வருஷம் ஆச்சு. தாழ்ப்பா வெளியதான் இருக்கு."

"அவருகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"நாளைக்கு சொல்லுவோம், நாளைக்கு சொல்லுவோம்னு இருந்தேன்."

"போன்ல சின்னதா இருக்கும். ஹால்ல பெருசா தெரியும்" என்றேன். உள்ளேயிருந்து ஆள் வந்து முடிந்துவிட்டது என்று சொல்கிற வரைக்கும் இரண்டு பேரும் இருந்தோம்.

இந்த வருடம் அந்தப் படத்தை மறுபடி போடுகிறார்கள் என்று மகள் சொன்னாள். அவளுக்கு இப்போது ஷா ஆலாமில் வேலை. போனில் ஆட்கள் எழுதுவதை எனக்குப் படித்துக் காட்டினாள். முன்பு திட்டிய படத்தை இப்போது தலையில் தூக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் நிற்கிற இடம்தான் நாலு படத்திலும் ஒசத்தி என்கிறார்கள். வந்த காலத்தில் சின்னப் பிள்ளைகளாக இருந்து பார்த்தவர்கள், எங்களுக்கு அப்போதே பிடித்தது, பெரியவர்கள்தான் கெடுத்தார்கள் என்று சண்டைக்கு நிற்கிறார்கள். அப்போதே எனக்கும் பிடித்தது என்று பெரியவர்களும் எழுதுகிறார்கள். என் ஹாலில் திட்டிக்கொண்டு போனவர்கள் யார் என்று தெரியவில்லை. கோபம் இல்லை. வந்தார்களே, அது போதும்.

இப்போது நான் கூட்டுவதில்லை. கூட்டுகிறவர்களுக்கு மேலே இருக்கிறேன். பிள்ளைகள் இப்போது என்னைத்தான் காக், அதாவது அக்கா, என்கிறார்கள். படம் போட்ட அன்று டியூட்டியில் இருந்த மேனேஜர் ஒரு மலாய்ப் பெண், என் மகள் வயது. கடைசி வரைக்கும் ஹால் விளக்கைப் போட வேண்டாம் என்று கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. "போலே, காக்" என்றாள். சரி என்று அர்த்தம்.

அன்றைக்கு நான் ஆரம்பத்திலிருந்தே கதவோரம் நின்றேன். அந்தப் படத்தின் முன்பாதியை அன்றைக்குத்தான் பார்த்தேன். நன்றாக இருந்தது. கிழவருக்கு அண்ணன் வைத்த குரல் இன்னும் நன்றாக இருந்தது.

கதவு மூடியது. பூட்டுச் சத்தம் கேட்டது. பேர்கள் ஓட ஆரம்பித்தன. நேபாளத்துப் பையன்கள் இருவர் பையோடு உள்ளே வந்தார்கள். கையைக் காட்டி நிறுத்தினேன். முடியட்டும் என்றேன், மலாயில்.

எஃப் வரிசை ஓரத்தில் ஸ்பேர்பார்ட்ஸ்காரர் உட்கார்ந்திருந்தார். அண்ணன் சீட். பக்கத்தில் பூக்கடை அக்கா. அதற்கு அடுத்த சீட் காலி. மூன்றாக வாங்கியிருக்கிறார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, காலி சீட்டின் மேல் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அத்தனை வருடம் அந்த வேலையில் ஹால் நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. போனேன். போகிற வழியில், பின் வரிசையிலிருந்து ஒவ்வொரு சீட்டின் தலையிலும் கை வைத்து எண்ணிக்கொண்டே போனேன். யாரும் எழுந்திருக்கவில்லை. போய் உட்கார்ந்தேன். கடைசிப் பேர் போனது. திரை கறுத்தது. இருட்டில் அந்தக் கதவு வந்தது, பெரிதாக. அவள் வெளியே உட்கார்ந்திருந்தாள்.

உட்கார்ந்திருந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். என்னையும் சேர்த்தால் முப்பத்தொன்பது.